குடிநீர்க் கட்டணம்: கணக்கும் கடமையும்

ஒரு கிராமத்தில் மேல்நிலைத் தொட்டி திறந்து வைக்கப்படும் நாள் திருவிழாவைப் போன்றது. தோரணம் கட்டுகிறார்கள், பள்ளிக் குழந்தைகள் வரிசையாக நிற்கிறார்கள், குழாயைத் திருகியவுடன் பாயும் தெளிந்த நீரைக் கண்டு தாய்மார்கள் மகிழ்கிறார்கள். அன்றைய தினம் எவரும் கேட்க விரும்பாத கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பம்பு எரிந்துபோகும் நாளில் அதை மாற்றுவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதே அது.

பம்பு என்றேனும் எரியத்தான் செய்யும். பணம் இருந்தால் இரண்டொரு நாளில் புதியது பொருத்தப்படும். இல்லையெனில், விண்ணப்பம் எழுதப்படும், அது மேலிடம் செல்லும், வாரங்கள் மாதங்களாகும். அதற்குள் குடங்கள் மீண்டும் பழைய கிணற்றை நோக்கி நடக்கத் தொடங்கிவிடும். வசதி படைத்தவர் சொந்தத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொள்வர். ஏழைக் குடும்பத்தின் பெண்ணும் சிறுமியுமே அந்தத் தாமதத்தின் சுமையைத் தலையில் தாங்குவர். குடிநீர்க் கட்டணத்தை எவ்வாறு நிர்ணயிப்பது என்ற கேள்வி கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் உரியதெனக் கருதுதல் தவறு. அமைக்கப்பட்ட திட்டம் நிலைத்து நிற்குமா, நிற்காதா என்பதையே அது தீர்மானிக்கிறது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் ஊரக வீடுகளில் 3.23 கோடி வீடுகளே குழாய் இணைப்புப் பெற்றிருந்தன. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வெண்ணிக்கை 15 கோடியைத் தாண்டியிருந்தது. இணைப்புத் தரும் வேலை பெரும்பகுதி நிறைவேறிய பின்னர், இணைப்பைக் காக்கும் வேலை தொடங்குகிறது. 2025-26ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்ட உரையில் இவ்வியக்கம் 2028 வரை நீட்டிக்கப்பட்டபோது, அமைப்புகளின் தரத்துக்கும் அவற்றை மக்களின் பங்கேற்புடன் இயக்கிப் பராமரிப்பதற்குமே முதலிடம் தரப்பட்டது. கிராமந்தோறும் கட்டணக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டிய பொறுப்பு இன்று களப் பணியாளரிடமும், அவருக்குத் துணை நிற்கும் ஆசிரியரிடமும் வந்து சேர்ந்துள்ளது. அக்கணக்கின் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர் இயற்கையின் கொடை; அதை வீட்டுக்குக் கொணர்வது உழைப்பு

“ஆண்டவன் தந்த நீருக்கு விலையா?” என்று கிராமசபையில் பெரியவர் ஒருவர் கேட்பது வழக்கம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆற்றிலும் நிலத்தடியிலும் உள்ள நீருக்கு எவரும் விலை வைக்கவில்லை. ஆனால் பூமிக்கடியில் உள்ள நீர் தானாக மேலேறி, தானாகத் தூய்மையடைந்து, தானாக வீட்டு வாசலுக்கு வந்து நிற்பதில்லை. கட்டணம் என்பது அந்த மூன்று காரியங்களுக்கும் ஆகும் செலவே.

இதனைப் பௌதிக முறையில் எளிதாக விளக்கலாம். 1,000 லிட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். அதை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 9,810 ஜூல் சக்தி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட்-மணி, 36 லட்சம் ஜூல் ஆகும். எனவே, எவ்விதச் சேதாரமும் இல்லையெனில், ஒரு யூனிட் மின்சாரம் 1,000 லிட்டர் நீரைச் சுமார் 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வல்லது. நடைமுறையிலோ மோட்டாரிலும் பம்பிலும் சக்தியில் பாதிக்கு மேல் வீணாவதுண்டு. மொத்தத் திறன் 40 சதவிகிதம் எனக் கொண்டால், அதே யூனிட் 147 மீட்டர் உயரத்துக்கே போதும்.

பெங்களூரு மாநகரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அந்நகருக்கு வேண்டிய காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குப் படிப்படியாக ஏற்றப்படுகிறது. சேதாரமே இல்லாத ஏட்டுக் கணக்கின்படியும் 1,000 லிட்டருக்கு 1.36 யூனிட் மின்சாரம் அங்கே வேண்டும். ஒரு குளத்தருகே அமைந்த சிற்றூருக்கும் பீடபூமியின் மேல் அமைந்த மாநகருக்கும் ஒரே கட்டணம் பொருந்தாது என்பதற்கு இஃதே சான்றாகும். பக்கத்து ஊர்க் கட்டணத்தைப் பார்த்து நம் ஊர்க் கட்டணத்தை எழுதுவது தவறு. நம் ஊரின் உயரமும் ஆழமும் தூரமுமே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

கட்டணம் விதிக்கும் அதிகாரம் யாருக்கு?

நமது அரசியல் சட்டத்தின் 7ஆவது அட்டவணைப்படி நீர் வழங்கல் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது, 74ஆவது திருத்தங்கள் அப்பொறுப்பை ஊர் வரைக்கும் கொண்டுவந்தன. 11ஆவது அட்டவணை குடிநீரைப் பஞ்சாயத்துகளின் பணிகளுள் ஒன்றாகவும், 12ஆவது அட்டவணை வீட்டு உபயோகம், தொழில், வாணிகம் ஆகியவற்றுக்கான நீர் வழங்கலை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகவும் குறிப்பிடுகின்றன. வரியும் கட்டணமும் விதிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் வாயிலாக அவற்றுக்கு அளிக்கலாமென 243எச், 243எக்ஸ் ஆகிய பிரிவுகள் கூறுகின்றன. எனவே களப் பணியாளர் முதலிற் செய்ய வேண்டியது தம் மாநிலத்தின் பஞ்சாயத்துச் சட்டத்தையும் விதிகளையும் படித்தறிவதாகும். எந்த அமைப்பு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும், எவரிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்பவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் ஈண்டு நினைவிற் கொள்ளல் நலம். பல நகரங்களில் வீட்டின் ஆண்டு மதிப்பை ஒட்டி நீர்வரி விதிக்கப்படுகிறது. நீரைப் பயன்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அது செலுத்தப்பட வேண்டும். கட்டணமோ பெறும் சேவைக்கு ஈடாகத் தரப்படுவது. கட்டணம் செலுத்துகிறவர், “நான் தந்த பணத்துக்கு நீர் எங்கே?” என்று கேட்கும் உரிமை உடையவராகிறார். அவ்வுரிமையைக் கண்டு பஞ்சாயத்து அஞ்ச வேண்டியதில்லை. நல்ல நிர்வாகத்துக்கு அதுவே காவல்.

ஒரு கிராமத்தின் கணக்கு

இனி, ஒரு கிராமத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். இங்கே தரப்படும் விலைகள் முறையை விளக்குவதற்கே. வாசகர்கள் தத்தம் ஊரின் உண்மை விலைகளை அவ்விடங்களில் இட்டுக்கொள்ள வேண்டும்.

கிராமத்தில் 400 வீடுகள். வீட்டுக்கு 5 பேர். மொத்தம் 2,000 மக்கள். ஜல் ஜீவன் இயக்கத்தின் அளவுப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் எனில், நாள்தோறும் 1,10,000 லிட்டர், அதாவது 110 கிலோலிட்டர் நீர் வீடுகளைச் சென்றடைய வேண்டும். குழாய்களில் 15 சதவிகிதம் கசிகிறதெனக் கொண்டால், பம்பு சுமார் 130 கிலோலிட்டர் இறைத்தாக வேண்டும். கட்டணத்தைப் பற்றிப் பேசும் பலர் மறந்துவிடும் உண்மை இது: கசிந்து மண்ணிற் கலக்கும் நீருக்கும் மின்சாரக் கட்டணம் உண்டு.

ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் 55 மீட்டர் ஆழத்தில் உள்ளது. தொட்டி 15 மீட்டர் உயரத்தில் உள்ளது. குழாயின் உராய்வுக்கு 10 மீட்டர் சேர்த்தால் மொத்த ஏற்றம் 80 மீட்டர். 130 கிலோலிட்டரை 80 மீட்டர் ஏற்ற, சேதாரமின்றி 28.3 யூனிட் வேண்டும். திறன் 40 சதவிகிதமானால் நாளொன்றுக்கு 71 யூனிட். மாதத்துக்கு 2,130 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் வீதம் ஏறத்தாழ 15,000 ரூபாய் ஆகிறது.

கிருமி நீக்கச் செலவையும் இவ்வாறே கணக்கிடலாம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இடுவதெனில், 130 கிலோலிட்டருக்கு 260 கிராம் குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் பயன்படக்கூடிய குளோரின் 25 சதவிகிதம் எனில், நாளொன்றுக்கு 1 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட பவுடர். மாதத்துக்குச் சுமார் 30 கிலோ. கிலோ 40 ரூபாய் வீதம் 1,200 ரூபாய்.

இவற்றோடு மற்றச் செலவுகளையும் சேர்த்தால் மாதக் கணக்கு பின்வருமாறு அமையும்:

மின்சாரம் — ரூ. 15,000
பம்பு இயக்குபவர் ஊதியம் — ரூ. 9,000
பிளீச்சிங் பவுடர் — ரூ. 1,200
நீர்ப் பரிசோதனை, ரசீது, எழுதுபொருள் — ரூ. 800
குழாய், வால்வு முதலியவற்றின் பழுது — ரூ. 5,000
பம்பு மாற்று நிதி — ரூ. 2,000
மின்பலகை, குளோரின் கருவி மாற்று நிதி — ரூ. 500
தொட்டி, குழாய்ப் புதுப்பிப்பு நிதி — ரூ. 1,500
மொத்தம் — ரூ. 35,000

வீடுகளை அடையும் நீர் மாதத்துக்கு 3,300 கிலோலிட்டர். ஆகவே 1,000 லிட்டருக்கு ஆகும் செலவு ரூ. 10.60, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு காசு. கேனில் விற்கும் 20 லிட்டர் நீரின் விலை 30 ரூபாய் எனக் கொண்டால், அங்கே ஒரு லிட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஆகிறது. குழாய்த் திட்டம் நின்றுபோனால் குடும்பம் எவ்வளவு இழக்கிறது என்பதை, ஒரு காசையும் 150 காசையும் அருகருகே எழுதிக் காட்டினால் விளக்கம் வேண்டியதில்லை.

மாற்று நிதியே திட்டத்தின் ஆயுள்

மேற்கண்ட பட்டியலின் கடைசி மூன்று இனங்களையே பல குழுக்கள் முதலில் நீக்கிவிடுகின்றன. “இப்போது செலவாகாத பணத்தை இப்போதே ஏன் வசூலிக்க வேண்டும்?” என்பது அவர்களது வாதம். விவசாயிக்கு இதற்கு விடை தெரியும். அறுவடை முடிந்ததும் முழு நெல்லையும் உண்டுவிடாமல் விதைக்கென ஒரு பங்கை எடுத்துவைப்பவர் அவர். பம்பும் அத்தகையதே. 1,20,000 ரூபாய் மதிப்புள்ள நீர்மூழ்கி பம்பு 5 ஆண்டுகள் உழைக்குமெனில், 60 மாதங்களில் மாதம் 2,000 ரூபாய் வீதம் அது தேய்ந்துகொண்டே இருக்கிறது. தேய்மானம் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் செலவு நிகழ்ந்துகொண்டுதான் உள்ளது.

இந்த நிதி தனி வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். அன்றாடச் செலவுக் கணக்கோடு கலந்த மாற்று நிதி, மின்சாரப் பாக்கியிலும் விழாச் செலவிலும் கரைந்துவிடும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் உயர்ந்தால் இன்றைய 1,20,000 ரூபாய்ப் பம்பின் விலை 5 ஆண்டுகளில் 1,60,000 ரூபாயைத் தாண்டும். வங்கி வட்டி அதில் ஒரு பகுதியை ஈடுசெய்யுமெனினும், ஆண்டுதோறும் நிதியின் அளவை மறுபடி கணக்கிடுதல் அவசியம்.

ஊர் முழுமைக்குமான குழாய்களையும் தொட்டியையும் முற்றிலும் புதிதாக அமைக்கும் செலவைக் கிராமத்தின் மாதக் கட்டணம் தாங்காது. அது பெருமுதலீடு, அரசாங்கத்தின் பங்கு அங்கே தவிர்க்க இயலாதது. ஆனால் அன்றாட இயக்கத்தையும் பம்பு மாற்றத்தையும் ஊரார் ஏற்க வேண்டும் என்ற எல்லைக்கோடு தெளிவாக இருத்தல் வேண்டும். 1996இல் உத்தரப் பிரதேசத்தில் தொடங்கிய ஸ்வஜல் திட்டமும், 2002இல் நாடெங்கும் தொடங்கப்பட்ட ஸ்வஜல்தாராவும் இக்கோட்பாட்டையே அடிப்படையாகக் கொண்டிருந்தன: அமைப்புச் செலவில் ஒரு சிறு பங்கும், இயக்கும் செலவு முழுவதும் பயனாளிகளுடையது. ஜல் ஜீவன் இயக்கத்திலும் கிராமத்துக்குள் அமையும் அமைப்புகளின் செலவில் பொதுவாக 10 சதவிகிதமும், மலைப்பகுதி போன்ற சில இடங்களில் 5 சதவிகிதமும் மக்களின் பங்காக வகுக்கப்பட்டது.

உயர்த்துமுன் ஒழுக்கை அடைப்போம்

கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்னர்ச் செலவைக் குறைக்க வழியுண்டா எனப் பார்த்தல் நிர்வாகத்தின் கடமை. நமது கணக்கில் கசிவு 15 சதவிகிதத்திலிருந்து 30 சதவிகிதமானால், நாள்தோறும் 157 கிலோலிட்டர் இறைக்க நேரும். மின்சாரச் செலவு மாதத்துக்குச் சுமார் 3,000 ரூபாய் கூடும். பம்பின் திறன் 40இலிருந்து 30 சதவிகிதமாகத் தாழ்ந்தால் ஏறத்தாழ 5,000 ரூபாய் கூடும். இவ்விரண்டும் பொறியியல் குறைகள். இவற்றின் விலையை மக்களின் தலையில் கட்டணமாகச் சுமத்துதல் முறையன்று.

களப் பணியாளர் இதற்கெனச் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரவில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும் நேரத்தில், பம்பை நிறுத்திவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்க. தொட்டியிலிருந்து செல்லும் வால்வைத் திறந்தே வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க. மட்டம் தாழ்ந்திருப்பின், நீர் எங்கோ ஒழுகுகிறது அல்லது எவரோ அனுமதியின்றி எடுக்கிறார் என்று பொருள். இரண்டுக்கும் பரிகாரம் தேடிய பின்னரே கட்டணத்தைப் பற்றிய கூட்டம் கூட்டப்பட வேண்டும்.

சுமையைப் பங்கிடும் முறைகள்

மொத்தச் செலவு தெரிந்த பின், அதை யார் யார் எவ்வளவு ஏற்பது என்பது அடுத்த கேள்வி. மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, வீட்டுக்கு இவ்வளவு என்ற நிலைக் கட்டணம். நமது கிராமத்தில் 35,000 ரூபாயை 400 வீடுகளுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு ரூ. 87.50. இம்முறை எளிது, மீட்டர் வேண்டாம், அளவெடுக்க ஆள் வேண்டாம். சிறிய ஊர்களுக்கு இதுவே ஏற்றது. ஆனால் இரண்டு குடம் எடுப்பவரும் தோட்டத்துக்குப் பாய்ச்சுபவரும் ஒரே தொகை தருகிறார்கள் என்பது இதன் குறை.

இரண்டாவது, மீட்டர் வழியே அளந்து விதிக்கும் கட்டணம். 2012ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை அளவின்படி கட்டணம் விதிப்பதையே பரிந்துரைத்தது. நியாயத்தில் இது சிறந்தது; நடைமுறையில் ஒரு நிபந்தனை உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டுமே நீர் விடும் ஊரில், நீர் வருமுன் குழாயில் உள்ள காற்று விரைந்து வெளியேறுகையில் மீட்டரும் சுழல்கிறது. காற்றுக்குப் பணம் கேட்டால் மக்கள் சினங்கொள்வதில் வியப்பில்லை. மீட்டர் முறைக்கு இடையறாத விநியோகமே சரியான துணை. ஒடிசாவின் பூரி நகரில் 2021ஆம் ஆண்டு ஜூலையில் நாள் முழுவதும் குழாயிலிருந்து நேரே பருகத்தக்க நீர் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அத்தகைய விநியோகம் உள்ள இடத்தில் மீட்டர் காட்டும் அளவை நம்பலாம்.

மூன்றாவது, படிநிலைக் கட்டணம். அடிப்படைத் தேவைக்குக் குறைந்த விகிதமும், மிகுதியான உபயோகத்துக்கு உயர்ந்த விகிதமும் விதிக்கப்படும். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஒருவருக்கு 55 லிட்டர் வீதம் மாதத்துக்கு 8.25 கிலோலிட்டர் தேவை. பெங்களூருவில் முதற்படி 8 கிலோலிட்டராக வைக்கப்பட்டிருந்தது இவ்வளவுக்கு மிக அண்மையில் உள்ளது. முதற்படியை மிக அகலமாக வைத்தால் வசதி படைத்தோரும் அதற்குள் அடங்கிச் சலுகை பெறுவர். மிகக் குறுகலாக வைத்தால் பெரிய ஏழைக் குடும்பம் மேற்படியில் விழும்.

இதில் மறைந்துள்ள மற்றோர் அநீதியையும் அறிதல் வேண்டும். முதல் 8 கிலோலிட்டருக்கு 6 ரூபாய், அதற்கு மேல் 12 ரூபாய் என வைத்துக்கொள்வோம். தனிக் குழாய் உள்ள குடும்பம் 8 கிலோலிட்டருக்கு 48 ரூபாய் செலுத்தும். ஒரே வளவில் வாழும் மூன்று ஏழைக் குடும்பங்கள் ஒரே இணைப்பில் 24 கிலோலிட்டர் எடுத்தால், 48 ரூபாயும் 192 ரூபாயும் சேர்ந்து 240 ரூபாய். குடும்பத்துக்கு 80 ரூபாய் ஆகிறது. ஏழைக்கென வகுத்த முறை ஏழையையே மிகுதியாகத் தண்டிக்கிறது. ஓர் இணைப்பின்கீழ் எத்தனை குடும்பங்கள் உள்ளனவோ அத்தனை மடங்காக முதற்படியைப் பெருக்கிக்கொள்வதே இதற்குப் பரிகாரம்.

டில்லியில் 2015ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்ட முறையும் ஆராயத்தக்கது. மீட்டர் உள்ள வீடு மாதத்துக்கு 20 கிலோலிட்டருக்குள் உபயோகித்தால் கட்டணமில்லை என்றும், அவ்வரம்பைத் தாண்டினால் முழு அளவுக்கும் கட்டணம் உண்டு என்றும் வகுக்கப்பட்டது. ஐவர் கொண்ட குடும்பத்தில் ஒருவருக்கு நாளுக்கு 133 லிட்டர் வரை இவ்வரம்புக்குள் அடங்கும். மக்கள் மீட்டர் பொருத்திக்கொள்ள இது தூண்டுதலாகும். ஆனால் வரம்பில் ஒரு செங்குத்தான பள்ளம் உள்ளது. 20 எடுத்தவருக்குக் கட்டணம் ஏதுமில்லை. 21 எடுத்தவருக்கோ முதல் லிட்டரிலிருந்தே கணக்கு. கூட்டுக் குடும்பத்துக்கு இவ்வரம்பு எளிதில் கைகூடாது. மேலும், வராத கட்டணத்துக்கு ஈடாக அரசாங்கம் தன் நிதியிலிருந்து தொகை வழங்கியாக வேண்டும். சலுகை எவ்விதமாயினும் செலவு மறைவதில்லை. அது வேறொரு தோளுக்கு மாற்றப்படுகிறது, அவ்வளவே.

இயலாதவரும் விடுபடலாகாது

நமது கிராமத்தில் மிக வறிய 40 குடும்பங்களுக்குக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிப்பதென கிராமசபை முடிவு செய்கிறது எனக் கொள்வோம். எஞ்சிய 360 குடும்பங்களில் 90 சதவிகிதமே, அதாவது 324 குடும்பங்களே, ஒழுங்காகச் செலுத்தும் எனவும் கொள்வோம். 35,000 ரூபாயை 324 ஆல் வகுத்தால் வீட்டுக்கு 108 ரூபாய் ஆகிறது. இத்தொகை ஊருக்குப் பாரமெனத் தோன்றினால், பஞ்சாயத்து தன் பங்காக மின்சாரச் செலவை ஏற்கலாம். அப்போது மீதமுள்ள 20,000 ரூபாய்க்கு வீட்டுக்கு 62 ரூபாய். எளிதாக வசூலிக்க 65 ரூபாய் என வைத்தால் மாதத்துக்கு 1,060 ரூபாய் மிஞ்சும். அது சேமநிதிக்குச் செல்லட்டும். தேநீர்க்கடை, திருமண மண்டபம் போன்ற வாணிக இணைப்புகளுக்கு உயர்ந்த விகிதம் வைத்தால் வீட்டுக் கட்டணம் மேலும் இறங்கும்.

பஞ்சாயத்தின் பங்குக்கு வழி உண்டா எனில், உண்டு. 15ஆவது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்குமென ஒதுக்கப்பட்டது. ஆயினும் மானியம் தாமதமாக வரலாம், குறையலாம், நின்றும் போகலாம். ஆகவே முழுச் செலவு 35,000 ரூபாய் என்பதையும், அதில் 15,000 ரூபாயைப் பஞ்சாயத்து ஏற்கிறது என்பதையும் தீர்மானத்தில் தனித்தனியே எழுத வேண்டும். “கட்டணம் 65 ரூபாய்” என்று மட்டும் எழுதினால், சில ஆண்டுகளில் உண்மைச் செலவை ஊரே மறந்துவிடும்.

விலக்குப் பெறும் குடும்பங்களின் பட்டியலைக் கிராமசபையே தயாரிக்க வேண்டும். தலைவரின் விருப்பத்துக்கு விடலாகாது. அதே வேளையில், அப்பட்டியலைச் சுவரில் எழுதி அக்குடும்பங்களைத் தலைகுனியச் செய்வதும் தகாது. குறைந்த பட்சமாக ஐந்து அல்லது பத்து ரூபாய் செலுத்த வாய்ப்பளித்தால், தாமும் திட்டத்தின் பங்காளிகள் என்ற உரிமையுணர்வு அவர்களுக்கும் இருக்கும்.

வசூலும் நம்பிக்கையும்

கட்டணம் செலுத்த மக்கள் மறுப்பதற்கு வறுமை ஒன்றே காரணமெனக் கருதுதல் கூடாது. நீர் ஒழுங்காக வராமை, கொடுத்த பணம் என்னவாயிற்றெனத் தெரியாமை, செல்வாக்குள்ளவர் செலுத்தாமல் தப்பித்தல் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் காரணங்களாகும். குஜராத்தில் 2002இல் நிறுவப்பட்ட வாஸ்மோ அமைப்பு, கிராமக் குழுக்களே திட்டத்தை நிர்வகித்துக் கட்டணத்தையும் நிர்ணயிக்கும் முறையைப் பரப்பியது. தாமே கணக்கிட்டு, தாமே முடிவு செய்த தொகையைச் செலுத்த மக்கள் தயங்குவது குறைவு.

ஜல் ஜீவன் இயக்கத்தின் வழிகாட்டு முறைகளின்படி கிராமக் குடிநீர்க் குழுவில் 50 சதவிகிதம் பெண்கள் இடம்பெற வேண்டும். இதை எண்ணிக்கைக்காக மட்டும் நிறைவேற்றாமல், கட்டணம் பற்றிய கூட்டத்தில் அவர்களை முதலிற் பேசச் செய்தல் வேண்டும். நீர் வராத நாளின் விலையை அவர்களே நன்கறிவர்.

மாதந்தோறும் மூன்று எண்களைப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைத்தல் நல்லது: வசூலான தொகை, செலவான தொகை, மாற்று நிதியில் உள்ள இருப்பு. ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தரப்பட வேண்டும். உறுப்பினர் வீட்டுப் பாக்கியே முதலில் வசூலிக்கப்பட வேண்டும்.

நிலைத்த கட்டணம் நாளடைவில் குறைந்த கட்டணமே

ஒரு முறை நிர்ணயித்த கட்டணத்தைப் பல ஆண்டுகள் தொடாமல் விடுவது மற்றொரு பெருந்தவறு. செலவு ஆண்டுக்கு 6 சதவிகிதம் உயர்ந்தால், இன்றைய 100 ரூபாய்ச் செலவு பத்தாண்டுகளில் 179 ரூபாயாகும். கட்டணம் மாறாதிருந்தால், அப்போது செலவில் 56 சதவிகிதமே வருமானமாக வரும். மீதியை ஈடுசெய்ய, முதலில் பழுது பார்ப்பது நிற்கும். பிறகு குளோரின் இடுவது குறையும். இறுதியில் மின்சாரப் பாக்கி ஏறும். கட்டணம் உயரவில்லை என்று மகிழ்ந்த ஊர், நீரின் தரம் தாழ்ந்ததை நோய் வந்த பின்னரே உணரும்.

பெங்களூருவில் 2014இல் நிர்ணயித்த கட்டணம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் வரை மாறாமலிருந்தது. பின்னர் உயர்த்தப்பட்டபோது, ஆண்டுதோறும் 3 சதவிகிதம் உயரும் ஏற்பாடும் உடன் சேர்க்கப்பட்டது. பத்தாண்டுக்கு ஒரு முறை திடீரென இரட்டிப்பாக்குவதைக் காட்டிலும், ஆண்டுதோறும் கணக்கைக் காட்டிச் சிறிது உயர்த்துவது குடும்பங்களுக்கும் எளிது, நிர்வாகத்துக்கும் எளிது. கட்டணத் தீர்மானத்திலேயே மறுபரிசீலனைக்குரிய மாதத்தைக் குறிப்பிட்டுவிட்டால், தேர்தலும் பூசலும் குறுக்கிடாமல் அது வழக்கமான காரியமாகிவிடும்.

பள்ளியும் பஞ்சாயத்தும்

இக்கணக்கில் உள்ளவை கூட்டல், வகுத்தல், சதவிகிதம், வேலை-சக்தி விதி ஆகியவை மட்டுமே. எட்டாம் வகுப்பு மாணவன் செய்யக்கூடியது இது. ஆசிரியர் தம் மாணவர்களைப் பம்பு அறைக்கு அழைத்துச் சென்று மின் மீட்டரின் அளவைக் குறிக்கச் செய்யலாம். தொட்டியின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து கொள்ளளவைக் காணச் செய்யலாம். ஒழுகும் ஒரு குழாயின் கீழ்ப் பாத்திரம் வைத்து, ஒரு நிமிடத்தில் சேரும் நீரைக் கொண்டு ஓராண்டில் வீணாகும் நீரைக் கணிக்கச் செய்யலாம். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் ஒழுகும் குழாய் நாளொன்றுக்கு 144 லிட்டரை வீணாக்குகிறது. இருவருடைய முழு நாள் பங்கு அது. மேலும் 34 லிட்டர். அவ்வளவை வகுப்பறையில் கண்டுபிடித்த சிறுவன் வீடு திரும்பியதும் முதலில் தன் வீட்டுக் குழாயை மூடுவான்.

களப் பணியாளர் அம்மாணவர்களின் எண்களையே கிராமசபையில் வைக்கலாம். வெளியூர் அதிகாரி சொல்லும் தொகையைச் சந்தேகிக்கும் ஊரார், தம் பிள்ளைகள் அளந்து எழுதிய தொகையை உற்று நோக்குவர், தவறிருந்தால் திருத்துவர், திருத்திய பின் ஏற்பர். அவ்வாறு ஏற்கப்பட்ட கட்டணம் சிறியதாயினும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்.

பம்பு ஒரு நாள் எரியும் என்பதில் ஐயமில்லை. அந்நாளில் ஊரின் வங்கிக் கணக்கில் புதிய பம்புக்கான தொகை இருக்குமாயின், கட்டணத்தை நிர்ணயித்தவர்கள் தம் கடமையைச் செய்தவர்களாவர். அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குச் செல்லும் களப் பணியாளர், இக்கட்டுரையிலுள்ள பட்டியலை ஒரு தாளில் எழுதி, விலைகளுக்குரிய இடங்களைக் காலியாக விட்டு எடுத்துச் செல்வாராக. அவ்விடங்களை ஊராரே நிரப்பட்டும்.